எலிக்குச் சரியாகிவிட்டதாம், பாப்பாவுக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு இது. வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு லைக் மட்டும் போடுகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். நாற்பது பேர் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்களைக் கண்டுபிடித்தவள் நான்.

மூன்று மாதத்துக்கு முன்பு நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஒரு வெள்ளை எலி, அதைப் பிடித்திருக்கும் கையுறை போட்ட விரல்கள், பின்னால் சினிமா சண்டைக் காட்சிக்குப் போடுவது போல ஒரு இசை. "கணையத்தைச் சரிசெய்யும் புதிய அறுவை சிகிச்சை, இனி இன்சுலின் ஊசியே வேண்டாம்" என்று எழுத்து ஓடியது. எனக்கு மட்டும் அதைப் பதினோரு பேர் அனுப்பினீர்கள். எங்கள் வீட்டுப் பாப்பாவை நினைத்துத்தான் அனுப்பினீர்கள் என்று தெரியும். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிள்ளையின் அப்பா அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பாப்பா என் தம்பியின் பேத்தி. ஒன்பது வயது. ஏழு வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை. நம் வயதுக்காரர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை இது. டைப் 1 என்பார்கள். உடம்பின் காவல்படையே வழி தவறிப்போய், கணையத்தில் இன்சுலின் செய்கிற செல்களை அழித்துவிடும். மாத்திரை, பாகற்காய்ச் சாறு, வெந்தயம் எதுவும் இதற்கு ஆகாது. தினமும் ஊசி. ஒரு நாளைக்கு நான்கு முறை குத்திக்கொள்கிறாள். இப்போது அவளே போட்டுக்கொள்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து அளவை மட்டும் பார்ப்பேன்.

வீடியோ வந்த வாரத்திலேயே யாரோ ஒருவர் அவள் அப்பாவிடம், "அந்த ஆராய்ச்சியில பயன்படுத்தின மூலிகைதான் இது, ஆபரேஷன் இல்லாமலே கணையம் வளர்ந்துடும்" என்று ஒரு பொடியை விற்றுவிட்டார். அவன் படிக்காதவன் இல்லை. ஒன்பது வயசுப் பிள்ளையின் வயிற்றில் தினமும் ஊசி குத்துவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற அப்பனுக்கு எதையாவது நம்பத் தோன்றும். அவனை நான் திட்டவில்லை. நீங்களும் பின்னூட்டத்தில் திட்ட வேண்டாம். ஊசியை முதலில் பாதியாகக் குறைத்தான், பிறகு நிறுத்தினான். இரண்டாம் நாள் சாயங்காலம் வாந்தி, வயிற்று வலி. வீட்டில் கண்ணு பட்டிருக்கிறது என்று சுற்றிப் போட்டார்கள். மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது பிள்ளை ஓடிவந்தவள் போல மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தாள். வாயிலிருந்து அழுகின பழ வாசனை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டிப் பாண்டிக்குக் கொண்டுபோனோம். நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. பிழைத்துவிட்டாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அந்த நான்கு நாளும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரே யோசனை. எலிக்குச் சரியாகிறது என்றால் பிள்ளைக்கு ஏன் ஆகவில்லை? நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடமும் எடுத்தவள். ஆனால் தெரியாததைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டு மறுநாள் கரும்பலகையில் எழுதுவதுதானே நம் தொழில். இரண்டு மாதமாகத் தேடினேன். பிரான்ஸில் இருக்கும் சொந்தங்கள் உதவினார்கள். ஒரு மாணவன் கால்நடை மருத்துவராக இருக்கிறான், அவனைப் பிடித்து உலுக்கினேன். இனி பாடம்.

கணையம் எங்கே இருக்கிறது? இரைப்பைக்குப் பின்னால், முன்சிறுகுடலின் வளைவில் தலையை வைத்துக்கொண்டு படுத்திருக்கும். வகுப்பில் இலை மாதிரி வரைவேனே, நினைவிருக்கிறதா? அதற்கு இரண்டு வேலை. உணவைச் செரிக்க வைக்கிற நீரைச் சுரந்து ஒரு சின்னக் குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புவது ஒன்று. இன்சுலினைச் சுரந்து நேராக ரத்தத்தில் கலப்பது இன்னொன்று. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். இது தெரிவதற்கே மனிதர்களுக்கு இருநூறு வருடத்துக்கு மேல் ஆனது. அவ்வளவும் தெரிந்தது விலங்குகளின் வயிற்றைக் கிழித்துத்தான்.

1664-இல் ஹாலந்தில் ரெய்னியர் டி கிராஃப் என்ற இளைஞர் ஒரு நாயின் கணையக் குழாயில் வாத்து இறகின் தண்டைச் செருகி அந்த நீரை வெளியே சேகரித்தார். இறகுத் தண்டு! ரப்பர் குழாய், பிளாஸ்டிக் எதுவும் இல்லாத காலம். அதற்கு ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்து, பாரிஸில் கிளோட் பெர்னார். லியோனில் இருக்கும் நம் சொந்தங்களுக்கு இந்தப் பெயர் பழக்கம், அங்கே ஒரு பல்கலைக்கழகமே அவர் பெயரில் இருக்கிறது. முயலுக்குக் கணையக் குழாய் பித்தக் குழாயைவிட வெகு கீழே, ஒரு அடிக்கும் மேல் தள்ளித்தான் குடலில் திறக்கிறது. கொழுப்பு தின்ற முயலை அறுத்துப் பார்த்தார். குடலிலிருந்து கொழுப்பைக் கொண்டுபோகிற மெல்லிய நாளங்கள் அந்தத் திறப்புக்குக் கீழேதான் பால் போல வெள்ளையாக இருந்தன, மேலே இல்லை. அப்படியென்றால் கொழுப்பு கரையக் கணைய நீர் வேண்டும். எவ்வளவு எளிமையான கவனிப்பு! எனக்குப் பாடம் எடுக்கிற ஆசையே திரும்ப வந்துவிட்டது.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். மயக்க மருந்து அப்போதுதான் உலகத்துக்கு வந்துகொண்டிருந்தது. கிளோட் பெர்னாரின் மனைவிக்கு இந்த வேலை பிடிக்கவேயில்லை. அவர் கொண்டுவந்த சீதனப் பணம்தான் ஆராய்ச்சிக்குப் போனது. கடைசியில் கணவரைப் பிரிந்து போய்விட்டார். மகள்களும் அம்மா பக்கம்தான். அந்தக் குடும்பத்துச் சாப்பாட்டு மேசையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

கணையத்தை முழுவதும் எடுத்துவிட்டால் விலங்கு பிழைக்காது, அது ஆகாத காரியம் என்பதுதான் கிளோட் பெர்னாரின் முடிவு. நம் கால்நடை டாக்டர் இதற்குக் காரணம் சொன்னான். "டீச்சர், நாய்க்குக் கணையம் ரெண்டு கிளையா இருக்கும். இடது கிளை மண்ணீரல் பக்கம் போகும், அதுல கை வெக்கலாம். வலது கிளை முன்சிறுகுடலை ஒட்டியே கெடக்கும். ரெண்டுக்கும் ரத்தக் குழாய் ஒண்ணு. கணையத்தை எடுக்கறேன்னு அந்தக் குழாயை அறுத்துட்டா குடலும் செத்துப்போயிடும்." கத்தியைவிட விரலுக்குத்தான் வேலை அதிகம், கொத்துக் கொத்தாகப் பிரித்து நூல் கட்டி எடுக்க வேண்டும், சும்மா கை பட்டாலே கணையம் கோபித்துக்கொண்டு வீங்கும் என்றான்.

அந்த ஆகாத காரியத்தை 1889-இல் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி செய்தார். ஸ்ட்ராஸ்பூர்க் நகரம், அப்போது ஜெர்மனியிடம் இருந்தது. கூட இருந்தவர் ஜோசப் ஃபான் மேரிங். அவர்கள் சர்க்கரை நோயைத் தேடிப் போகவில்லை, கொழுப்பு செரிப்பதைப் பற்றித்தான் பேச்சு. கணையம் இல்லாமல் நாய் இருக்குமா, இருக்காதா என்று வாதம் வந்தது, செய்து பார்த்துவிட்டார்கள். நாய் பிழைத்தது. ஆனால் வீட்டுக்குள் அசிங்கம் செய்யாமல் பழக்கப்பட்ட நாய் நின்ற இடத்திலெல்லாம் சிறுநீர் விட்டது. ஓயாத தாகம். சிறுநீரைச் சோதித்தால் சர்க்கரை! நம் ஊர்ப் பெரியவர்கள் மூத்திரத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துச் சொன்ன அதே நோய். எத்தனை இரை போட்டாலும் நாய் மெலிந்துகொண்டே போனது.

அடுத்துச் செய்ததுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம். கணையத்தில் ஒரு துண்டை, அதன் ரத்தக் குழாயோடு இழுத்து, நாயின் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார் மின்கோவ்ஸ்கி. பிறகு மீதிக் கணையத்தை எடுத்துவிட்டார். தோலுக்கடியில் இருக்கும் துண்டுக்கும் குடலுக்கும் எந்தக் குழாயும் இல்லை. ஆனாலும் நாய்க்குச் சர்க்கரை வரவில்லை. அந்தத் துண்டையும் எடுத்தார், வந்துவிட்டது. ஆக, கணையம் ரத்தத்தில் ஏதோ ஒன்றைக் கலக்கிறது. மொன்பெலியே நகரத்தில் எதூன் என்ற பிரெஞ்சுக்காரரும் இதையே செய்து காட்டினார். கணையத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றி வைக்கலாம் என்ற எண்ணம் அந்த நாயின் தோலுக்கடியில் தொடங்கியது. உங்கள் வீடியோ எலியும் அந்த வழியில் வந்த பேரப்பிள்ளைதான்.

அந்த "ஏதோ ஒன்றை" வெளியே எடுக்க இன்னும் முப்பது வருடம் ஆனது. பலர் முயன்றார்கள். ருமேனியாவில் பவுலெஸ்கு வெகு அருகில் வந்தார். கணையத்தை அரைத்தால் செரிமான நீர் இன்சுலினைத் தின்றுவிடுகிறது என்று நினைத்தார்கள். கனடாவில் பிரடெரிக் பான்டிங் என்ற அறுவை மருத்துவர், நோயாளிகள் வராத கிளினிக்கில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர், 1920 அக்டோபர் கடைசியில் ஒரு கட்டுரை படித்தார். கணையத்தில் கல் அடைத்துக் குழாய் மூடிப்போன ஒருவரைப் பற்றியது. செரிமானச் செல்கள் சுருங்கிப்போயிருந்தன, லாங்கர்ஹான் திட்டுகள் நன்றாக இருந்தன. (கணையக் கல் நம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் புதிதில்லை. கேரளத்து டாக்டர் கீவர்கீஸ் அதையே வாழ்நாள் ஆராய்ச்சியாகச் செய்தார். மரவள்ளிக் கிழங்குதான் காரணம் என்று ரொம்ப காலம் பேசினார்கள், இப்போது மரபணுவையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அது தனிக் கதை.) பான்டிங்குக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நாயின் கணையக் குழாயை நூலால் கட்டிவிட்டு, சில வாரம் விட்டால் செரிமானச் செல்கள் சுருங்கிவிடும், மிச்சமிருக்கும் திட்டுகளிலிருந்து சாறு எடுக்கலாம் என்று தோன்றியது.

1921 மே மாதம் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தார்கள். பான்டிங்குக்கு 29 வயது, உதவிக்கு வந்த மாணவர் சார்லஸ் பெஸ்டுக்கு 22. கோடை வெயில். நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. வாங்க நாய் இல்லாமல் தெருவில் போகிறவர்களிடம் ஒன்றிரண்டு டாலர் கொடுத்து வாங்கினார்கள். குழாயைக் கட்டிய நாய்களை ஜூலையில் திறந்து பார்த்தால் பலவற்றில் கணையம் சுருங்கவே இல்லை, கொழுகொழுவென்று இருந்தது. கட்டியது கேட்கட் நூல், ஆட்டுக்குடலில் செய்வது, அது உடம்புக்குள்ளேயே கரைந்துபோயிருந்தது. மறுபடி வயிற்றைத் தைத்துத் திறந்து, பட்டு நூலால் கட்டினார்கள். ஒரு நூல் செய்த வேலை பாருங்கள்.

ஜூலை 30-ஆம் தேதி, 410 என்று எண் போட்ட நாய். கணையம் எடுக்கப்பட்டது. அதற்குச் சாறு செலுத்தினார்கள். ரத்தத்தில் சர்க்கரை 0.20 சதவீதத்திலிருந்து 0.12-க்கு இறங்கியது. இப்போதைய கணக்கில் 200-லிருந்து 120. சர்க்கரை மிஷின் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த எண்களின் அருமை தெரியும். அதற்குப் பிறகு 33 எண் நாய், மார்ஜரி என்று பேர் வைத்தார்கள், கணையம் இல்லாமல் ஊசியிலேயே 70 நாள் இருந்தது.

குளிர்காலத்தில் ஒன்று தெரியவந்தது. குழாயைக் கட்டவே வேண்டாம்! இறைச்சிக்கூடத்தில் கிடைக்கிற மாட்டுக் கணையத்தைச் சாராயத்தில் ஊறவைத்தாலே போதும், இன்சுலின் கெடாமல் வருகிறது. அத்தனை நாய்களுக்குப் போட்ட முடிச்சு வீணா? இரண்டு மாதமாக எனக்கு அதற்குப் பதில் கிடைக்கவில்லை. சில நாள் வீண் என்று தோன்றுகிறது. சில நாள், அந்த முடிச்சைப் போடப் போகாமல் இருந்திருந்தால் பான்டிங் ஆய்வுக்கூடத்துக்கே போயிருக்க மாட்டாரே என்று தோன்றுகிறது.

1922 ஜனவரி 11. லியோனார்ட் தாம்ப்சன், 14 வயது, எடை முப்பது கிலோகூட இல்லை. அதுவரை இந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு வைத்தியம் என்பது பட்டினி போடுவதுதான், சில மாதம் கூடுதலாக இருப்பார்கள். முதல் ஊசி சரிவரவில்லை, குத்திய இடத்தில் சீழ் கட்டியது. காலிப் என்ற வேதியியலாளர் சாற்றைச் சுத்தம் செய்து முயல்களில் சோதித்துக் கொடுத்தார். ஜனவரி 23-இல் மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. அந்தப் பையன் இன்னும் பதின்மூன்று வருடம் இருந்தான்.

பான்டிங் பிறந்த நாள் நவம்பர் 14. உலக நீரிழிவு நாள். நமக்கு அது குழந்தைகள் தினம். நேரு பிறந்ததும் அதே நாள், மின்கோவ்ஸ்கி நாயை அறுத்த அதே 1889-ஆம் வருடம். முப்பத்து நான்கு வருடம் நவம்பர் 14-க்கு மிட்டாய் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கதையை பாப்பாவுக்கும் சொன்னேன். தெருவில் இருக்கிற செம்பட்டை நாய்க்கு அவள்தான் தினம் பிஸ்கட் போடுகிறவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த நாய்ங்க பொழச்சிதா ஆயா?" என்றாள். இல்லை என்றேன். மார்ஜரி? அதுவும் இல்லை. சிறு பிள்ளையிடம் ஏன் சொன்னாய் என்று வீட்டில் என்னைக் கோபித்துக்கொண்டார்கள். நான்கு முறை ஊசி குத்திக்கொள்கிறவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இப்பவும் நாய்கிட்டேர்ந்துதான் எடுக்கறாங்களா?" என்றாள். நாயிடமிருந்து மருந்துக்கு எடுத்ததேயில்லை, மாடு, பன்றியிடமிருந்து எடுத்தார்கள், 1982-க்குப் பிறகு பாக்டீரியாவை வைத்துச் செய்கிறார்கள் என்றேன். அது அவளுக்குத் திருப்தி. இதைக் கேட்ட கால்நடை டாக்டர் ஒன்று சேர்த்துச் சொன்னான்: இப்போது சர்க்கரை வந்த நாய்களுக்கும் ஊசி போடுகிறார்கள், நாயின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் அச்சு அசல் ஒன்று என்பதால் பன்றி இன்சுலின் நன்றாகச் சேர்கிறதாம்.

சரி, வீடியோ எலிக்கு வருகிறேன். எலிக்குச் சரியானது பொய்யில்லை. 1972-இலேயே அமெரிக்காவில் பாலிங்கரும் லேஸியும் எலிகளுக்கு லாங்கர்ஹான் திட்டுகளை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து வைத்துச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டிவிட்டார்கள். ஆனால் கவனியுங்கள். அந்த எலிகளுக்குச் சர்க்கரையை வரவழைத்ததே ஒரு ரசாயன ஊசி. கொடுத்த எலியும் வாங்கிய எலியும் ஒரே வம்சம், இரட்டைப் பிள்ளைகள் போல. அதனால் உடம்பு வேற்றாள் என்று எதிர்க்கவில்லை. பாப்பாவின் கதை வேறு. அவள் உடம்பே அந்தச் செல்களை விரட்டியிருக்கிறது. புதிதாக வைத்தாலும் விரட்டும். விரட்டாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும், அதற்குப் பக்கவிளைவு உண்டு.

எலியில் நடந்தது மனிதனுக்கு நம்பகமாகக் கைகூடவே ஏறக்குறைய 28 வருடம். கனடாவின் எட்மன்டனில் ஏழு பேருக்குக் கல்லீரல் ரத்தக் குழாய் வழியாகத் திட்டுகளைச் செலுத்தியதாக 2000-இல் அறிவித்தார்கள். ஏழு பேரும் ஊசியை விட்டார்கள், உலகமே கொண்டாடியது. அதே முறையில் செய்துகொண்டவர்களை ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, ஊசி இல்லாமல் இருந்தவர்கள் பத்துப் பேரில் ஒருவர்தான். முழுக் கணையத்தையே மாற்றுவது 1966-இல் மினசோட்டாவில் தொடங்கியது, இன்றும் செய்கிறார்கள், பெரும்பாலும் சிறுநீரகமும் சேர்த்து மாற்ற வேண்டியவர்களுக்கு. 2023-இல் சீனாவின் தியான்ஜினில் ஒரு பெண்ணுக்கு அவள் செல்லிலிருந்தே திட்டுகளை உருவாக்கி வயிற்றுத் தசை உறைக்கு அடியில் வைத்து, ஊசியிலிருந்து விடுவித்தார்கள். நல்ல செய்திதான். அவள் ஏற்கெனவே கல்லீரல் மாற்றிக்கொண்டு எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் என்பதை எந்த வாட்ஸ்அப் வீடியோவும் சொல்லாது. நடுவில் மூலிகைப் பொடி எங்கேயும் இல்லை.

நடக்காது என்று நான் சொல்லவில்லை. பாப்பா கல்லூரி போகும்போது நடக்கலாம், என் ஆசையும் அதுதான். அதுவரை ஊசி. ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று மின்கோவ்ஸ்கியின் நாய் 1889-லேயே காட்டிவிட்டது. அதே தாகம், அதே மெலிவு. அதை எங்கள் வீட்டில் இன்னொரு முறை செய்து பார்க்க வேண்டியதில்லை.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பில் ஒரு பிள்ளை அடிக்கடி தண்ணீர் கேட்டு, அடிக்கடி ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்டு, நன்றாகச் சாப்பிட்டும் சட்டை தொளதொள என்று ஆனால், சேட்டை என்று உட்கார வைக்காதீர்கள். அன்றைக்கே பெற்றோரைக் கூப்பிட்டு, விரலில் ஒரு சொட்டு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். ஏற்கெனவே ஊசி போடுகிற பிள்ளை இருந்தால், அவள் பையில் இருக்கும் குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிடுங்கி வைக்காதீர்கள். பரீட்சை ஹாலிலும் அது அவள் பக்கத்தில் இருக்கட்டும்.

அந்தப் பொடி விற்றவர் மறுபடி நம் பக்கம் வருவதாகக் கேள்வி. யார் வீட்டுக்காவது வந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை தூங்குவேன், அப்போதும் பரவாயில்லை, கூப்பிடுங்கள்.